ஓசிடி-க்கு நல்ல சிகிச்சை இருக்கு... ஆனா தெரபிஸ்டுகளே தயங்குவது ஏன்? 'இ.ஆர்.பி.' பற்றி முழு விளக்கம்

வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் நிலையம் வரை வந்த பிறகு, பூட்டு சரியா விழுந்ததா என்று பார்க்க மூன்று முறை திரும்பிப் போவது. ஆபீஸிலிருந்து வந்ததும் முக்கால் மணி நேரம் கை கழுவுவது. சாமி கும்பிடும்போது வரக்கூடாத நினைப்பு வந்துவிட்டது என்று நூறு முறை மன்னிப்பு கேட்பது.

இப்படித் தவிப்பவர்களுக்கு மருந்தோடு சேர்த்தோ, மருந்து இல்லாமலோ கொடுக்கக்கூடிய உளவியல் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன்', சுருக்கமாக இ.ஆர்.பி. சுமார் 60 ஆண்டு வரலாறும், வலுவான ஆய்வு ஆதாரமும் இதற்கு உண்டு.

ஆனால், இதைக் கொடுக்க வேண்டிய தெரபிஸ்டுகளில் பலரே இதைக் கண்டு தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது? அதில் நியாயம் இருக்கிறதா? அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ இருந்து சிகிச்சை தேடும் ஒருவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது ஏன் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓசிடி என்றால் என்ன?

தமிழில் இதை 'எண்ண சுழற்சி நோய்' என்கிறார்கள். இதில் இரண்டு பகுதி உண்டு.

முதலாவது, வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணம். 'கையில் கிருமி ஒட்டியிருக்கு', 'கேஸ் ரெகுலேட்டரை மூடலை', 'குழந்தையை நானே ஏதாவது செஞ்சிடுவேனோ' என்பது போல.

இரண்டாவது, அந்த எண்ணம் தரும் பதற்றத்தைக் குறைக்கச் செய்யும் செயல். கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனசுக்குள் மந்திரம் சொல்வது, 'ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பது.

சுத்தமாக இருப்பது, பொருட்களை ஒழுங்காக அடுக்குவது எல்லாம் ஓசிடி ஆகாது. இந்த எண்ணமும் செயலும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அல்லது வேலை, படிப்பு, குடும்பத்தைப் பாதித்தால்தான் அது நோய்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். விபரீதமான எண்ணம் வருவது இயல்புதான். லண்டனில் பணியாற்றிய இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும், ஸ்டான்லி ராக்மனும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இதே மாதிரி எண்ணங்கள் வருவது தெரியவந்தது. 2014-ல் 13 நாடுகளின் மாணவர்களிடம் நடந்த ஆய்வில் இந்த அளவு சுமார் 94 சதவீதமாக இருந்தது.

அதாவது, எண்ணம் எல்லோருக்கும் வருது. அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு, அதைச் 'சரிசெய்ய' ஒரு சடங்கு செய்யத் தொடங்கும்போதுதான் சுழற்சி ஆரம்பிக்குது.

இ.ஆர்.பி. எப்படி வேலை செய்கிறது?

கை கழுவியதும் பதற்றம் குறைகிறது. ஆனால், 'கழுவியதால்தான் தப்பித்தேன்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கழுவச் சொல்கிறது. இந்தச் சுழற்சியை வெட்டுவதுதான் இ.ஆர்.பி.-யின் வேலை. பயத்தை வரவழைக்கும் பொருளையோ, இடத்தையோ, எண்ணத்தையோ எதிர்கொள்வது முதல் படி. அதற்குப் பிறகு வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது இரண்டாவது படி.

உதாரணத்துக்கு, கிருமி பயம் உள்ள ஒருவர் தினமும் ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தெரபிஸ்டும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண்.

* வீட்டு கேட்டைத் தொட்டுவிட்டு கை கழுவாமல் இருப்பது: 20
* ஷேர் ஆட்டோவில் மீதி வாங்கிய 10 ரூபாய் நோட்டை கையிலேயே வைத்திருப்பது: 35
* ரயில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஸ்டேஷன் போவது: 50
* அதே கையால் தன் செல்போனையும் தலையணையையும் தொடுவது: 70
* ரயிலிலிருந்து இறங்கி, கை கழுவாமல் பொட்டலத்தில் இருக்கும் வேர்க்கடலையைச் சாப்பிடுவது: 90

குறைந்த மதிப்பெண்ணில் தொடங்கி படிப்படியாக மேலே போவார்கள். தொட்டதும் பதற்றம் ஏறும். கழுவாமல் பொறுத்திருந்தால், அது தானாக இறங்குவதைப் பலரும் உணர்வார்கள். உடனே இறங்காவிட்டாலும், 'பதற்றத்தோடே என்னால் இருக்க முடியுது, நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கலை' என்ற புதிய பாடத்தை மூளை கற்றுக்கொள்கிறது. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை தேவைப்படும். அமர்வுக்கு நடுவே வீட்டிலும் வெளியிலும் செய்யும் பயிற்சிதான் இதில் பாதி சிகிச்சை.

எப்போது, எங்கே தொடங்கியது?

1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவருக்குக் கழுவும் பழக்கம், மற்றவருக்கு மதம் தொடர்பான வேண்டாத எண்ணங்கள். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் தீர்வே இல்லை என்றுதான் மருத்துவ உலகம் நினைத்திருந்தது. கழுவும் சடங்கைத் தடுக்க, நோயாளியின் அறையில் தண்ணீர்க் குழாயை அடைத்து, செவிலியர்களைக் கண்காணிக்க வைத்தார் மேயர். இருவருக்கும் நல்ல முன்னேற்றம் கிடைத்தது. 1974-ல் அவரது குழு 15 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டபோது, அதில் 10 பேர் மிக நன்றாகத் தேறியிருந்தார்கள்.

குழாயை அடைப்பது இன்றைய இ.ஆர்.பி.-யில் கிடையாது. என்ன செய்வது, எப்போது செய்வது என்பதை நோயாளியே முடிவு செய்வார். அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனாலும் 'கட்டாயப்படுத்துற சிகிச்சை' என்ற பழைய பிம்பம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இ.ஆர்.பி. ஆய்வில் உலக அளவில் முக்கியமானவர் எட்னா ஃபோவா. இவரது குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 122 பேர் பங்கேற்றார்கள். 12 வாரத்துக்குப் பிறகு, சேர்ந்த எல்லோரையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது முன்னேற்றம் கண்டவர்கள்:

* இ.ஆர்.பி. மட்டும்: 62 சதவீதம்
* குளோமிப்ரமின் மருந்து மட்டும்: 42 சதவீதம்
* இரண்டும் சேர்த்து: 70 சதவீதம்
* மருந்து போலத் தெரியும் வெற்று மாத்திரை: 8 சதவீதம்

இ.ஆர்.பி.-யைப் பாதியில் விடாமல் முழுசாக முடித்தவர்களை மட்டும் எடுத்தால், இது 86 சதவீதம்.

2008-ல் ஹெலன் பிளேர் சிம்ப்சன் குழு வேறு ஒரு கேள்வியை எடுத்தது. மருந்து சாப்பிட்டும் முழுசாகச் சரியாகாதவர்களுக்கு என்ன செய்யலாம்? 108 பேரில் ஒரு பகுதியினருக்கு இ.ஆர்.பி., மற்றவர்களுக்கு மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி. நோயின் தீவிரம் குறைந்தது 25 சதவீதமாவது குறைந்தவர்கள், இ.ஆர்.பி. குழுவில் 74 சதவீதம். மற்ற குழுவில் 22 சதவீதம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னன்னா, தயங்கும் தெரபிஸ்டுகள் இ.ஆர்.பி.-க்குப் பதிலாக அதிகம் கொடுப்பது மூச்சுப்பயிற்சியும் ரிலாக்சேஷனும்தான். மேலே 22 சதவீதத்தில் நின்ற பயிற்சியும் ஏறக்குறைய அதே வகைதான்.

அப்படியிருந்தும் தயக்கம் ஏன்?

தெரபிஸ்டுகளின் தயக்கத்தை அளக்கவே அமெரிக்க உளவியலாளர் பிரெட் டீக்கனும் அவரது குழுவும் 2013-ல் 21 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். எக்ஸ்போஷர் சிகிச்சை பற்றி எதிர்மறையான நம்பிக்கை அதிகம் உள்ள தெரபிஸ்டுகள், ஓசிடி நோயாளிக்கு அதை மிகவும் தயங்கித் தயங்கி, நீர்த்துப்போன வடிவில் கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரியவந்தது.

அவர்கள் பொதுவாகச் சொல்லும் பயங்கள் எவை? அதற்கு ஆதாரங்கள் தரும் பதில் என்ன?

1. 'ஏற்கெனவே தவிக்கிறவரை மேலும் பயமுறுத்தலாமா? இது கொடுமை இல்லையா?'

உதவி செய்யத்தான் பலரும் இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள். எதிரில் இருப்பவர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். ஆனால் ஓசிடி உள்ளவர் சிகிச்சை இல்லாமலே தினமும் பல மணி நேரம் இதே பயத்தில்தான் இருக்கிறார். சிகிச்சையில் வரும் பதற்றத்துக்கு ஒரு அளவும் ஒரு முடிவும் உண்டு. நோய் தரும் பதற்றத்துக்கு அது இல்லை.

2. 'நோய் இன்னும் மோசமாகிவிட்டால்?'

ஆரம்பத்தில் சிலருக்குப் பதற்றம் தற்காலிகமாகக் கூடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை. படிப்படியாக, சம்மதத்தோடு செய்யப்படும் இ.ஆர்.பி. நோயாளியின் மனதை உடைத்துவிடும் என்ற பயத்தை ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. அதனால்தான் 2005-ல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் உட்பட பல அமைப்புகள் இதைப் பரிந்துரைக்கின்றன.

3. 'பயந்து பாதியில் ஓடிவிடுவார்கள்'

இ.ஆர்.பி.-யைப் பாதியில் விடுபவர்கள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி, பாதியில் விடுபவர்கள் சுமார் 15 சதவீதம். மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

4. 'ஏதாவது ஆனால் கேஸ் போட்டுடுவாங்க'

அமெரிக்காவில் வழக்கு போடுவது சகஜம். அங்கேயே எக்ஸ்போஷர் சிகிச்சையால் பாதிக்கப்பட்டதாக யாராவது வழக்குப் போட்டார்களா என்று 2007-ல் ரிச்சர்ட், குளோஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் சட்டப் பதிவுகளில் தேடினார்கள். அப்படி ஒரு வழக்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

5. யாரும் வெளியே சொல்லாத பயம்

குப்பைத்தொட்டியைத் தொடும் பயிற்சி என்றால், தெரபிஸ்டும் முதலில் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கும். 'குழந்தையைக் கொன்றுவிடுவேனோ' என்ற எண்ணத்தை நோயாளி சத்தமாகப் படிக்கும்போது, எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். பதற்றத்தைத் தாங்குவதில் தெரபிஸ்டுக்கே சிரமம் இருந்தால், நோயாளிகளை இந்தச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைப்பது அதிகமாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பயத்தைத் தவிர்ப்பதுதான் ஓசிடி-யின் வேர். அதே தவிர்த்தலை இங்கே தெரபிஸ்டும் செய்துவிடுகிறார்.

தயக்கத்தால் நோயாளிக்கு என்ன நஷ்டம்?

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு 2013-ல் வெளிவந்தது. நிக்கோலஸ் ஃபாரல், டீக்கன் குழுவினர் கல்லூரி மாணவர்களுக்கு எக்ஸ்போஷர் சிகிச்சையில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் இந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்ற எண்ணத்தையும், மற்ற பிரிவினரிடம் இது ஆபத்தானது என்ற எண்ணத்தையும் விதைத்தார்கள். பிறகு ஓசிடி நோயாளியாக நடித்த ஒருவருக்கு சிகிச்சை கொடுக்கச் சொன்னார்கள்.

பயத்தோடு அனுப்பப்பட்டவர்கள் எளிமையான பட்டியலையே போட்டார்கள். குறைவான பயம் தரும் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சிக்கு நடுவே நோயாளியின் பதற்றத்தை எப்படியாவது குறைக்கவே முயன்றார்கள். பயிற்சி ஒன்றுதான், ஆள் மனதில் இருந்த நம்பிக்கைதான் வேறு.

நம்ம ஆவடி உதாரணத்துக்கு வருவோம். தயங்கும் தெரபிஸ்ட், 10 ரூபாய் நோட்டோடு நிறுத்திவிடுவார். 'ரயில் கைப்பிடி வேண்டாம், அடுத்த மாசம் பார்க்கலாம்' என்பார். அல்லது, 'தொடுங்க, தொட்டதும் ஆழமா மூச்சு விடுங்க, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் 'தெரபிஸ்ட் சொன்னதால்தான் தப்பித்தேன்' என்று நோயாளியின் மூளை கற்றுக்கொள்ளும். கழுவும் சடங்கின் இடத்துக்கு ஆறுதல் கேட்கும் சடங்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நீர்த்துப்போன சிகிச்சையை ஆறு மாதம் எடுத்தவர், 'தெரபியும் பார்த்துட்டேன், எனக்கு எதுவும் கேட்காது' என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அவருக்கு இ.ஆர்.பி. கிடைக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

சாமி, தீட்டு, மடி... நம்ம ஊரில் என்ன செய்வது?

இங்கே தெரபிஸ்டுகளுக்குக் கூடுதலாக ஒரு தயக்கம் உண்டு. தீட்டு, மடி, ஆச்சாரம் என்று வரும்போது எது நம்பிக்கை, எது நோய் என்று பிரிப்பது எப்படி?

இதற்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. அதே நம்பிக்கை உள்ள, நோய் இல்லாத மற்ற பக்தர்கள் இதை எவ்வளவு செய்வார்கள்? திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் முன் குளிப்பது வழக்கம். நான்கு முறை குளித்தும் 'சுத்தமாகலை' என்று கோயிலுக்கே போக முடியாமல் நிற்பது நோய். தொழுகைக்கு முன் ஒளு செய்வது மார்க்கம். மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒளு செய்வதை முஸ்லிம் குடும்பங்களிலேயே 'வஸ்வாஸ்' என்று தனியாகப் பிரித்துச் சொல்வார்கள்.

நல்ல இ.ஆர்.பி. ஒருவரின் நம்பிக்கையை மீறச் சொல்லாது. சாமியைத் திட்டச் சொல்லாது. கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று, ஆபாசமான எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, மன்னிப்பு கேட்கும் சடங்கைச் செய்யாமல் தரிசனம் முடித்து வரச் சொல்லும். பக்தி அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். தேவைப்பட்டால் குடும்பம் மதிக்கும் குருக்களிடமோ, இமாமிடமோ, பாதிரியாரிடமோ ஒரு முறை கேட்டுத் தெளிவுபெறலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவும் சடங்காகிவிடும்.

தெரபிஸ்டுகளின் தயக்கத்தில் நியாயமே இல்லையா?

ஓரளவு இருக்கிறது.

* இ.ஆர்.பி. எல்லோருக்கும் கேட்பதில்லை. மேலே சொன்ன 62 சதவீதத்துக்கு வெளியே 38 சதவீதம் பேர் இருக்கிறார்கள்.
* தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால், கடும் மனச்சோர்வு இருந்தால், இல்லாதது கேட்பது, தெரிவது போன்ற அறிகுறிகள் இருந்தால், முதலில் அதற்குத்தான் சிகிச்சை.
* முறையான பயிற்சி இல்லாதவர், யூடியூப் பார்த்துவிட்டு முதல் நாளே 90 மதிப்பெண் பயிற்சியில் ஆளைத் தள்ளினால், அது இ.ஆர்.பி. ஆகாது.
* ரயிலுக்கோ, வீட்டுக்கோ நோயாளியோடு போக வேண்டுமானால் நேரம் ஆகும். ஒரு நாளில் வரிசையாக நோயாளிகளைப் பார்க்கும் இடங்களில் இது உண்மையான சிக்கல்.

ஆக, 'யாருக்கு, எப்போது, எந்த வேகத்தில்' என்று யோசிப்பது நல்ல தெரபிஸ்டின் பொறுப்பு. 'இந்த நோயாளி தாங்க மாட்டார்' என்று அவரிடம் கேட்காமலேயே முடிவு செய்வதுதான் பிரச்னை. சிகிச்சை இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டால், தேர்ந்தெடுக்கும் உரிமையே நோயாளியிடமிருந்து பறிபோகிறது.

இந்தியாவில் நிலைமை என்ன?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. அதன்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி இருந்தது. ஆயிரம் பேரில் 8 பேர். மனநலப் பிரச்னை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை என்றும் அந்த ஆய்வு சொன்னது.

இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலை நிம்ஹான்ஸ் பேராசிரியர் ஒய்.சி. ஜனார்த்தன் ரெட்டி தலைமையிலான குழு எழுதியது. ஓசிடி-க்கு முதல்கட்ட சிகிச்சையாக ஃப்ளூவாக்ஸ்டின், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளையும், இ.ஆர்.பி.-யை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் அது பரிந்துரைக்கிறது. நிம்ஹான்ஸில் ஓசிடி-க்கென்று தனி கிளினிக் இருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை உள்நோயாளியாகச் சேர்த்து தீவிர சிகிச்சையும் கொடுக்கிறார்கள்.

ஆக, இந்தியாவில் வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. ஆள்தான் பற்றாக்குறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2017 மனநல அட்லஸ்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மனநல மருத்துவர்கள் சுமார் 0.3, உளவியலாளர்கள் 0.07. அதாவது, பத்து லட்சம் பேருக்கு ஒரு உளவியலாளர்கூட இல்லை. இருக்கும் சிலரும் தயங்கினால், இ.ஆர்.பி. கிடைப்பது குதிரைக்கொம்புதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

* 14416: மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104 சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம்.
* கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம்: 1794-ல் தொடங்கிய வரலாறு கொண்டது. ஆவடி, அம்பத்தூரில் இருந்து மின்சார ரயிலில் வில்லிவாக்கம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் போகலாம்.
* திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: ஆவடி, பூந்தமல்லி இரண்டும் திருவள்ளூர் மாவட்டம் என்பதால், மாவட்ட மனநலத் திட்டம் பற்றி இங்கே விசாரிக்கலாம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது.
* போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்: மனநல மருத்துவமும் மருத்துவ உளவியலும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடங்கள் இவை.

இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளி தெரபி கட்டணம் கவர் ஆகுதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தெரபிஸ்டிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

1. உங்களுக்கு ஆர்.சி.ஐ. பதிவு இருக்கிறதா? மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.
2. ஓசிடி-க்கு என்ன முறையில் சிகிச்சை கொடுப்பீர்கள்? பதிலில் இ.ஆர்.பி. வருகிறதா என்று கவனியுங்கள்.
3. இ.ஆர்.பி.-யில் எங்கே பயிற்சி பெற்றீர்கள்?
4. தேவைப்பட்டால் கிளினிக்குக்கு வெளியே, ரயிலிலோ வீட்டிலோ வீடியோ காலிலோ பயிற்சி செய்ய முடியுமா?
5. அமர்வுக்கு நடுவே வீட்டுப் பயிற்சி தருவீர்களா?
6. முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? உலக அளவில் பயன்படுவது 'யேல்-பிரவுன் அளவுகோல்'. 10 கேள்வி, 40 மதிப்பெண்.

சிகிச்சை முழுவதும் மூச்சுப்பயிற்சி, 'அந்த எண்ணத்தை நினைக்காதீங்க' என்ற அறிவுரை, கையில் ரப்பர் பேண்ட் போட்டு எண்ணம் வரும்போது சுண்டிவிடுவது, 'ஒண்ணும் ஆகாது' என்ற ஆறுதல் என்றே போனால், இ.ஆர்.பி. எப்போது தொடங்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். திருப்தியான பதில் இல்லையென்றால் இன்னொருவரைப் பார்ப்பதில் தவறில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

தெரபிஸ்டின் தயக்கம் வீட்டிலும் வரும். பிள்ளை தவிப்பதைப் பார்க்க முடியாமல் அம்மாவே கதவைச் சரிபார்த்துச் சொல்வார். வெளியிலிருந்து வரும் எல்லோரும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாகிவிடும். வாரத்துக்கு ஒரு லாரி தண்ணி இரண்டாகும். எல்லாம் அன்பினால்தான். ஆனால் இது நோய்க்குத் தீனி போடுகிறது.

இதை ஒரே நாளில் நிறுத்தினால் சண்டைதான் வரும். தெரபிஸ்டோடு பேசி, ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். 'உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. ஆனா இதுக்கு நான் பதில் சொன்னா ஓசிடி-க்குத்தான் பலம். உன்னால சமாளிக்க முடியும்' என்று சொல்லலாம். திட்டுவது, கேலி செய்வது, குழாயை அடைப்பது போன்றவை கூடவே கூடாது.

தயக்கம் மாறுமா?

மாறும். டீக்கன் குழுவின் அதே 2013 ஆய்வில், எக்ஸ்போஷர் சிகிச்சை பற்றிய பயிலரங்கில் கலந்துகொண்ட பிறகு தெரபிஸ்டுகளின் எதிர்மறை நம்பிக்கை கணிசமாகக் குறைந்தது. சிகிச்சை முறையை மட்டும் சொல்லிக்கொடுக்காமல், தெரபிஸ்டுகளின் பயங்களையே நேரடியாக எடுத்துப் பேசும் பயிற்சி இன்னும் நல்ல பலன் தந்ததாக 2016-ல் வந்த மற்றொரு ஆய்வு காட்டியது.

நார்வேயின் பெர்கன் நகரில் ஜெர்ட் குவாலே, பியார்னே ஹான்சன் இருவரும் உருவாக்கிய முறையில், இ.ஆர்.பி. நான்கே நாட்களில் தரப்படுகிறது. நோயாளிகள் எத்தனை பேரோ, அத்தனை தெரபிஸ்டுகள். புதிதாக வரும் தெரபிஸ்ட், அனுபவம் உள்ளவர்களோடு சேர்ந்து களத்தில் இறங்கித்தான் கற்றுக்கொள்கிறார். நோயாளி தாங்குவதைக் கண்ணால் பார்த்தபிறகு, 'தாங்க மாட்டார்' என்ற நினைப்பு நிற்பதில்லை.

அதுவரை நோயாளியும் குடும்பமும் சிகிச்சையின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். அடுத்த முறை கிளினிக்கில் உட்காரும்போது, 'எனக்கு இ.ஆர்.பி. கிடைக்குமா?' என்று கேளுங்கள்.

குறிப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்களுக்கான சிகிச்சையை மனநல மருத்துவர் அல்லது பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரின் ஆலோசனையோடு முடிவு செய்யுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் தயங்காமல் உடனே 14416 அல்லது 104 எண்ணை அழையுங்கள்.